தடை எங்கே?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. குறை எங்கே இருக்கிறது எனத் தேடுவதைவிட, அதை யார் தலையில் சுமத்தலாம் எனத் தேடுவது மனிதர்க்கு எளிதாக இருக்கின்றது. இவ்வுண்மையை நமக்கு உணர்த்தியது நூல் ஒன்றன்று. மேசைக் கணினி ஒன்று.

1999ஆம் ஆண்டில் சென்னை ரிட்சி தெருவில் உதிரிப் பாகங்களாக வாங்கி நம் கையாலேயே பூட்டிய கணினி அது. அதன் செயலி, இன்டெல் நிறுவனம் 1998இல் வெளியிட்ட செலரான் 300ஏ. தாய்ப்பலகையின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். செயலி அதனை நாலரை மடங்காகப் பெருக்கி 300 மெகாஹெர்ட்ஸில் இயங்கும். அப்பெருக்கெண் பூட்டப்பட்டது, மாற்ற இயலாது. ஆனால் தாய்ப்பலகையின் துடிப்பை 100 ஆக உயர்த்தினால் அதே செயலி 450இல் ஓடும். 128 கிலோபைட் இடைநினைவகம் செயலியின் சில்லுக்குள்ளேயே அமைந்திருந்தமையால் அதுவும் உடன் ஓடும். மலிவு விலைச் செயலி, விலையுயர்ந்த பென்டியம் 2க்கு ஈடுகொடுக்கும் இவ்வித்தையை ஓவர்கிளாக்கிங் என்பர். மிகைவேகமூட்டல் என நாம் தமிழில் சொல்லலாம். நாமும் செய்தோம். கணினி எழுந்து நின்றது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமிதம் கொண்டோம்.

அந்நாளில் நம் தெருவில் வாழ்ந்த மூத்த மாணவர் ஒருவர், ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கான தம் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து தருமாறு நம்மிடம் ஒப்படைத்திருந்தார். முதல் இயல் அவர் கொணர்ந்த பிளாப்பியில் இருந்தது. ஏனையவற்றை நாம் அடித்தோம். ஒருநாள் மூன்றாம் இயலைத் திறந்தால் பக்கம் பக்கமாக எழுத்துகள் சிதைந்து கிடந்தன. நான்காம் இயல் திறக்கவே மறுத்தது. சமர்ப்பிக்க எஞ்சியிருந்தவை பன்னிரண்டு நாள்கள்.

“அண்ணே, உங்கள் பிளாப்பியில் வைரஸ் இருந்திருக்கிறது” என்றோம். எந்தச் சோதனையும் செய்யாமலே சொன்னோம். அவர் முகம் வாடியது. “அப்படியா தம்பி? என் கவனக்குறைவுதான்” என்று கூறிக் கையெழுத்துப் படியை வாங்கிக்கொண்டு போனவர், பல இரவுகள் கண்விழித்து வேறிடத்தில் அடித்து முடித்தார்.

நிற்க. அவர் சென்ற பின்னரும் கணினி சில வேளைகளில் உறைந்து நின்றது. இப்பொழுது பழி செயலியின்மீது பாய்ந்தது. அதற்கு வலு போதவில்லை என எண்ணி மின்னழுத்தத்தை 2.0 வோல்ட்டிலிருந்து 2.2க்கு உயர்த்தினோம். வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்ப ஏறும். பத்து விழுக்காடு கூட்டினால் வெப்பம் இருபத்தொரு விழுக்காடு கூடும். சூடு ஏறியதேயன்றிப் பயன் ஒன்றுமில்லை.

அப்பொழுதுதான் முறையாக ஆராயத் தலைப்பட்டோம். 1996இல் தொடங்கிய மெர்சன் பகா எண் தேடும் கூட்டு முயற்சிக்குரிய பிரைம்95 என்னும் மென்பொருள் நமக்குத் துணையாயிற்று. விடை முன்னரே தெரிந்த பெருங்கணக்குகளைச் செயலியிடம் கொடுத்து, வரும் விடையை அது ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்று பிசகினாலும் உடனே அறிவிக்கும். நாம் வகுத்துக்கொண்ட விதி ஒன்றே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்.

முதலில் 66க்குத் திரும்பினோம். இரவு முழுதும் பிழையில்லை. ஆகவே கோளாறு வேகத்தைச் சார்ந்தது. மீண்டும் 100 வைத்தோம். பத்து நிமிடத்தில் பிழை. மின்னழுத்தத்தை 2.0க்கு இறக்கினோம், அதே பத்து நிமிடம். பெட்டியைத் திறந்து மேசை விசிறியைச் சுழலவிட்டோம்; மாற்றமில்லை. வெப்பம் குற்றவாளியன்று. செயலியின் இடைநினைவகத்தை அணைத்தோம், பிழை போகவில்லை. வன்தட்டும் ஏனைய அட்டைகளும் செல்லும் பிசிஐ தடத்தை ஐயுற்றோம். 100இல் அத்தடம் மூன்றிலொரு பங்காகக் குறைக்கப்பட்டு உரிய 33இலேயே ஓடுகிறது. வியப்பு யாதெனின், 75, 83 போன்ற இடைப்பட்ட துடிப்புகளில் அது பாதியாக மட்டுமே குறைந்து 37, 41 என ஏறிவிடும். வேகம் குறைவாயினும் அங்கேதான் வன்தட்டுக்கு ஆபத்து மிகுதி.

எஞ்சியது ரேம் எனும் நினைவகம். தாய்ப்பலகையின் துடிப்பை உயர்த்தியபொழுது செயலியோடு நினைவகமும் உடன் உயர்ந்ததை நாம் எண்ணிப் பார்க்கவேயில்லை. நினைவகம் விடையளிக்க எடுக்கும் கால அளவை இரண்டு துடிப்பிலிருந்து மூன்றாகத் தளர்த்தினோம். பத்து நிமிடத்தில் வந்த பிழை ஒரு மணி நேரம் தள்ளி வந்தது. முதன்முறையாக நோய் மருந்துக்கு அசைந்தது! 100 மெகாஹெர்ட்ஸுக்கென உருவான நினைவகம் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தினோம். விடியும்வரை ஒரு பிழையுமில்லை. பழையதை மீண்டும் பொருத்தினோம்; பிழையும் திரும்பியது. ஐயம் அகன்றது. சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க, 66க்குரிய நினைவகத்தை வாங்கியவர் நாமேயல்லவா?

பின்னர் 112 வைத்து 504ஐ எட்ட முயன்றோம். மீண்டும் பிழை. இம்முறை நினைவகத்தைத் தளர்த்தியும் பயனில்லை. மின்னழுத்தத்தைச் சற்றே கூட்டியபொழுதும், விசிறி வைத்தபொழுதும் பிழை தள்ளிப்போயிற்று. இங்கே தடை செயலியேதான். ஒரே கணினியில் 450இல் ஒரு தடை, 504இல் வேறொரு தடை! நாம் 450இல் நிறைவுற்றோம்.

மறுநாளே அந்த அண்ணன் இல்லம் சென்றோம். “அண்ணே, உங்கள் பிளாப்பியில் குறையில்லை. குறை என் கணினியில் இருந்தது. தெரியாமல் உங்களைச் சொல்லிவிட்டேன்” என்றோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். “அந்தப் பிளாப்பியை அன்றே உடைத்துவிட்டேன் தம்பி. என் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருந்தன” என்றார். பின்பு தேநீர் கொடுத்து அனுப்பினார்.

இன்றைய செயலிகள் வெப்பத்தையும் மின்னாற்றலையும் தாமே அளந்து வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வல்லவை. பெருக்கெண் பூட்டப்படாத செயலிகளில் நினைவகத்தைத் தொடாமலே செயலியை மட்டும் உயர்த்திச் சோதிக்கலாம். வெப்பம் உச்சவரம்பைத் தொட்டு வேகம் தானே தாழ்ந்தால் குளிரூட்டலே தடை; வெப்பம் அடங்கியிருந்தும் கணக்கு பிசகினால் மின்னழுத்தத்தையோ செயலியின் எல்லையையோ ஐயுறலாம். கருவிகள் மாறினும் முறை மாறவில்லை: ஒன்றை மட்டும் மாற்று, காத்திரு, பழைய நிலைக்குத் திருப்பி உறுதி செய்.

மாணவ நண்பர்களே, உறைந்து நிற்கும் கணினி நேர்மையானது. தன் இயலாமையை அது ஒப்புக்கொள்கிறது. நில்லாமல் ஓடிக்கொண்டே பிழையை மெய்யென எழுதி வைக்கும் கணினியே அஞ்சத்தக்கது. ஆராயாமல் பழி சொன்ன அன்று நாமும் அத்தகைய கணினியாகவே இருந்தோம்.