இழுக்கும் வண்டியின் எண்

திருப்பூரில் ஒரு டி-சர்ட் முடிவதற்குள் எத்தனை முறை வண்டி ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நூல் நிட்டிங்குக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங். வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போய்விட்டு, எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு வரும். தைத்தது செக்கிங்குக்கும் அயர்னிங்குக்கும் கிளம்பும். ஊரே ஒரு கம்பெனி என்றால் தெருக்கள்தான் அதன் நடைவழி. பி.என். ரோட்டிலும் மங்கலம் ரோட்டிலும் டி.வி.எஸ். எக்ஸெல்லில், ஓட்டுபவர் முகம் மட்டும் தெரியும்படி பண்டல் கட்டிப் போகிறார்களே, அது இதற்காகத்தான். தைப்பவர், கைமடிப்பவர், பிசிறு வெட்டுபவர் பெரும்பாலும் பெண்கள். பண்டலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துப் போகிறவர், நான் பார்த்தவரை, ஆண்.

எங்கள் யூனிட்டில் 8 மெஷின், 11 பெண்கள். சனிக்கிழமை சம்பளம். சம்பளம் கொடுக்கப் பில் பாஸ் ஆக வேண்டும். பில் பாஸ் ஆகச் சரக்கு மதியத்துக்குள் கேட்டுக்குள் போயிருக்க வேண்டும். வாடகை வண்டிக்காரருக்குப் பெரிய லோடு கிடைத்தால் எங்களைத் தள்ளிப் போடுவார். அவருக்கும் மாதத் தவணை இருக்கிறது. குறை சொல்ல முடியாது. ஒரு சனிக்கிழமை மாலை 6 மணிக்குத்தான் வந்தார். அன்று 11 பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். ஓவர்லாக் ஓட்டும் அக்கா மட்டும் வாசலில் நின்று, "திங்கக்கெழம புள்ளைக்கு ஃபீஸ் கட்டோணும் கண்ணு" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வீட்டில் அப்பாவின் பழைய டீசல் அம்பாசிடர் நின்றுகொண்டிருந்தது. அப்பா இருந்தவரை அதன் ஸ்டியரிங்கை என்னைத் தொட விட்டதில்லை. அண்ணன் பதினாறு வயதிலேயே ஓட்டினான். நான் கற்றுக்கொண்டது அப்பா போன பிறகு, 38 வயதில். எடைக்குப் போட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னபோது, எனக்கு வேண்டும் என்றேன். சொத்தில் நான் கேட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

டிக்கியிலும் பின் சீட்டிலும் திணித்தால் 500 பீஸ் பிடித்தது. அதற்கு மேல் அடைத்தால் கண்ணாடியில் பின்னால் வருவது தெரியாது. வாரக் கடைசியில் எங்களிடம் சேர்வது 1,500 பீஸ். பீஸுக்கு 150 கிராம் வைத்தால் 225 கிலோ. நாலு பேர் உட்கார்ந்தால் வருகிற எடைதான். பனியனுக்கு எடை கிடையாது, இடம்தான் வேண்டும். அப்படியென்றால் பின்னால் ஒரு சின்ன ட்ரெய்லர் கட்டி இழுத்தால் என்ன?

பட்டறைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலீங்களா அம்மிணி?"

"வண்டி ஓட்டறது நானுங்க. எங்கிட்டயே சொல்லுங்க."

அதன் பிறகு அவர் சொல்லிக்கொடுத்ததில் குறையே வைக்கவில்லை. கொக்கியைப் பம்பரில் மாட்டக் கூடாது. பம்பர் இழுவை தாங்காது. வண்டியின் அடியில் இருக்கும் கனமான சட்டத்தில் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட வேண்டும். அம்பாசிடருக்கு இழுவை பின் சக்கரத்தில் என்பதால், கொக்கியில் கொஞ்சம் பாரம் இறங்கினாலும் பிடிமானம் குறையாது. ஆனால் வயதான வண்டியின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தொய்ந்திருந்தது. அதைக் கழற்றி வளைவு ஏற்றினார். பிரேக் லைனிங் நான்கும் மாற்றினோம். ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாததால் சரக்கோடு சேர்ந்த அதன் எடை காரின் எடையில் பாதிக்கு வெகு கீழே நிற்க வேண்டும். கார் ஒரு டன்னுக்குச் சற்று மேல். ட்ரெய்லர் 150 கிலோ, சரக்கு 225, ஆக 375. கணக்கு நின்றது.

அந்த 375-இல் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பாரத்தை அச்சுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக அடுக்கினால் அது தானாக வரும். பின்னால் கூடினால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கி காரையும் சேர்த்து ஆட்டும். விளக்குக்கு ஒயர் இழுத்ததும் இண்டிகேட்டர் படபடவென்று அடித்தது. பல்பு கூடியதால் பழைய ஃபிளாஷர் தடுமாறுகிறது என்று வேறொன்று மாட்டினார். கொக்கி விட்டாலும் ட்ரெய்லர் தனியே ஓடாதபடி ஒரு சங்கிலி.

ஊத்துக்குளிப் பக்கம் எங்கள் காய்ந்த காட்டில் பழகினேன். முன்னால் போவது சுலபம். ரிவர்ஸ்தான் அழ வைத்தது. ட்ரெய்லர் இடது பக்கம் போக ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டும். கொஞ்சம் ஒடித்து, அது திரும்பத் தொடங்கியதும் அதன் பின்னாலேயே போய் நேராக்க வேண்டும். அவசரப்பட்டால் கத்திரிக்கோல் மாதிரி மடங்கிவிடும். ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. ஏழாவது ஞாயிறு வேப்பமரத்தடிக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ரோட்டில் இறக்குவதற்கு முன் சட்டத்தைப் படித்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், தவறு என்னுடையது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லரும் ஒரு வாகனம்தான், அதற்கும் தனிப் பதிவு வேண்டும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஒப்புதல் பெற்ற மாதிரியாக இல்லாமல் பட்டறையில் ஒன்றே ஒன்றாகச் செய்த என் ட்ரெய்லருக்குப் பதிவு எண் கிடைக்க வழியில்லை.

61-ஆம் பிரிவில் இன்னொன்றும் இருந்தது. ட்ரெய்லரின் சொந்த எண்ணை அதன் பக்கவாட்டில் எழுத வேண்டும். அதோடு, அதை இழுக்கும் வண்டியின் எண்ணையும் அதன்மேல் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அதை இழுத்துப் போகக் கூடாது. பாதுகாப்புக்கான விதி, நியாயமான விதி. பின்னால் வருபவருக்கு இழுக்கும் வண்டியின் எண் மறைந்துவிடுமே. ஆனாலும் அந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சரக்குக்குக் கம்பெனியின் லேபிள். எங்கள் யூனிட்டைக் கேட்டவர்கள் சொல்வது, இன்னாருடைய மகள் யூனிட், இன்னாருடைய தங்கச்சி யூனிட். எங்களுக்கும் சொந்த எண் உண்டு, பக்கவாட்டில். ஊர் படிப்பது யார் இழுக்கிறார் என்பதைத்தான்.

அன்று வருத்தமாக இருந்தது. ஆனால் வீணாகவில்லை. பாரத்தை எங்கே வைப்பது, இறக்கத்தில் எந்த கியரில் வருவது, எவ்வளவு முன்னால் பிரேக்கை மிதிப்பது என்று நான் கற்றிருந்தேன். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. என் பையில் இருந்த உரிமமே போதும். செயினை அடகு வைத்து, பழைய குட்டி யானை ஒன்றை என் பெயரில் வாங்கினேன்.

முதல் சனிக்கிழமை 11 மணிக்கே கம்பெனி கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் சலானை வாங்கிக்கொண்டு, "டிரைவர் கையெழுத்து வேணுமுங்க" என்றார். போட்டேன். கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டைத் திறந்தார். சாயங்காலம் 11 பேருக்கும் சம்பளம் கொடுத்தேன்.

அம்பாசிடரில் இருந்து கொக்கியைக் கழற்றிவிட்டேன். வெல்டிங் வேண்டாம், போல்ட் போடுங்கள் என்று கேட்டது நல்லதாகப் போயிற்று. காட்டுக்குப் போகும் ஞாயிறுகளில் மட்டும் அங்கே வைத்து மாட்டுகிறேன். யூனிட்டில் மூன்று பேர் லைசென்ஸுக்குப் பழகுகிறார்கள். போன வாரம் ஓவர்லாக் அக்கா முதல் தடவையாக ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுத்தார். ட்ரெய்லர் மடங்கி நின்றுவிட்டது. நான் இறங்கிப் போனேன்.

"நீ சொல்லாத கண்ணு, நானே பாத்துக்கறேன்" என்று மறுபடி கியரைப் போட்டார்.