"நான் வந்த" என்றால் பிழையா?



போன கிழமை ஆறாம் தரக் கொப்பிகள் திருத்தினேன். ஒரு மகன் எழுதியிருந்தார்: "நான் நேத்து வாப்பாவோட டவுனுக்கு போன." சிவப்புப் பேனையால் வெட்டி "போனேன்" என்று எழுதினேன். அடுத்த கொப்பி தோட்டத்திலிருந்து வரும் ஒரு மகளுடையது: "அம்மா கொழுந்து எடுக்க போச்சு." அதிலும் ஒரு வெட்டு.

அடுத்த நாள் அந்த மகன் இரண்டே வரிதான் எழுதினார். ஏன் என்று கேட்டேன். "எழுதினா பிழை வந்துடும் டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. கலாசாலை விடுதியில் முதல் நாள் "நான் பதுளையில இருந்து வந்த" என்றேன். அறையிலிருந்த மற்றப் பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். "வந்த... என்ன?" என்று ஒருத்தி கேட்டாள். அவர்களுக்கு "வந்த" பெயரெச்சம். வந்த பஸ், வந்த ஆள் என்று பின்னால் ஏதாவது வர வேண்டும். நமக்கோ அது வினைமுற்று. எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பல நாள் நான் வாயே திறக்கவில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நம் வீட்டில் நான் வந்த, நீ வந்த, உம்மா வந்த, அவங்க வந்த. யார் என்பதை எழுவாயே சொல்லிவிடுகிறது, வினை மாறுவதில்லை. பேச்சுச் சிங்களமும் இப்படித்தான்: மம யனவா, ஒயா யனவா, அபி யனவா. மலையாளத்திலும் ஞான் போயி, அவன் போயி, அவள் போயி. அதை யாரும் உடைந்த மொழி என்பதில்லை. தோட்டத்துப் பிள்ளை "அம்மா போச்சு" என்பதும் மரியாதைக் குறைவல்ல, அந்த வீட்டின் பாசம்.

ஆனால் எழுத்து வேறு. எழுத்துச் சிங்களத்தில் மம யமி, அபி யமு என்று வினை மாறும். சிங்களப் பிள்ளைகளும் அதைப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள். அரபியில் இன்னும் கூடுதல்: அவன் எழுதினான் என்றால் கதப, அவள் என்றால் கதபத், நான் என்றால் கதப்து. இருவருக்கென்றே தனி வடிவமும் உண்டு. மத்ரஸாவில் அதைப் படிக்கும் பிள்ளைக்கு எழுதினேன், எழுதினான், எழுதினாள் வராமலா போகும்?

பரீட்சையில் "நான் போன" என்று எழுதினால் புள்ளி குறையும். அதனால் படிப்பிக்கத்தான் வேண்டும். இப்போது கரும்பலகையை இரண்டாகப் பிரிக்கிறேன். ஒரு பக்கம் வீட்டுத் தமிழ், மறுபக்கம் பரீட்சைத் தமிழ். பிள்ளைகளே ஒன்றை மற்றதாக மாற்றுகிறார்கள். தோட்டத்து மகளும் நம் மகனும் ஒருவர் வசனத்தை ஒருவர் மாற்றிப் பார்க்கிறார்கள். சிரிப்பும் வருகிறது, ஆனால் யாரையும் பார்த்துச் சிரிப்பதில்லை.

நேற்று அந்த மகன் அரைப் பக்கம் எழுதினார். மூன்று இடத்தில் "போன" இருந்தது. பென்சிலால் மட்டும் அடையாளம் வைத்தேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "நம்மட தமிழ் சரியில்ல" என்று பிள்ளைகள் முன்னால் சொல்லாதீர்கள். வீட்டில் நீங்கள் பேசுவது போலவே பேசுங்கள். எழுதுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.