இரவற் குரல்

சென்ற தவணையின் இறுதியில் எமது பாடசாலையில் கலைவிழா நடந்தது. பத்தாந் தர மாணவர்கள் நகைச்சுவை நாடகம் ஒன்றை மேடையேற்றினர். தலையிற் கம்பளியும் இடுப்பிற் படங்குமாக ஒரு தோட்டத்துக் கிழவி வங்கிக்குப் போகிறாள். படிவம் நிரப்பத் தெரியாமல் திண்டாடுகிறாள். அவள் பேசும் சொல்லெல்லாம் பிசகுகிறது. மண்டபம் சிரிப்பிற் குலுங்கியது. வசனத்தைத் திருத்திக் கொடுத்தவன் நான். நானும் சிரித்தேன்.

விழா முடிந்து டிக்கோயாக் கடைவீதியில் பஸ்ஸுக்காக நின்றபோது, கிழவியாக நடித்த சிறுவனின் அம்மாயி என்னருகே வந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர்.

"நல்லாத்தான் இருந்திச்சு மாஸ்டர். கிளாக்கருக்குப் பேரு இருந்திச்சு, மேனேஜருக்குப் பேரு இருந்திச்சு. அந்தக் கிழவிக்கு மட்டும் ஏன் மாஸ்டர் பேரு வைக்கல?"

அக்கேள்வியிற் குற்றஞ்சாட்டும் தொனி இல்லை. இல்லாததனாலேயே அது என்னை வீடுவரை தொடர்ந்து வந்தது.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தது ஓர் அமெரிக்கச் சித்திரத் தொடர். பல்கலைக்கழக விடுதியில், நண்பனொருவனின் கணினியைச் சூழ்ந்திருந்து நாங்கள் பார்த்த 'சிம்ப்சன்ஸ்' அது. மேட் கிரேனிங் என்பவர் படைத்தது. 1987இல் வேறொரு நிகழ்ச்சியின் இடையே வரும் துணுக்குகளாகப் பிறந்து, 1989 டிசம்பரில் அரைமணித் தொடராயிற்று. முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்தும் அது முடியவில்லை. அணுமின் நிலையத் தொழிலாளியான தந்தை, பொறுமைசாலியான தாய், மூன்று பிள்ளைகள். எத்தனை ஆண்டு சென்றாலும் மூத்தவன் பார்ட்டுக்கு வயது பத்துத்தான்.

அதன் பெருமையை மறுப்பதற்கில்லை. குறையற்ற குடும்பம், நேர்மையான முதலாளி, கண்ணியமான நகரபிதா என்று திரை காட்டிவந்த பொய்களையெல்லாம் அது எள்ளி நகையாடியது. நூற்றாண்டின் மிகச் சிறந்த தொலைக்காட்சித் தொடர் என்று 1999இல் 'டைம்' சஞ்சிகை அதனைத் தெரிவு செய்தது. சித்திரம் சிறுவருக்கே உரியது என்ற எண்ணத்தை உடைத்து, 'சவுத் பார்க்', 'ஃபேமிலி கை' போன்ற தொடர்களுக்கு வழி திறந்ததும் அதுவே. கதையும் குரலும் அமெரிக்காவில் உருவாக, ஆயிரமாயிரம் சித்திரங்களை வரையும் உழைப்பிற் பெரும்பகுதி தென்கொரியாவில் நடந்தது. இங்கே பறித்த கொழுந்து எங்கோ பெயர் பெறுவதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

வலியவரைப் பார்த்துச் சிரித்த அத்தொடர், எளியவன் ஒருவனைப் பார்த்தும் சிரித்தது. கடை நடத்தும் அப்பு என்னும் இந்தியன் அவன். அவனுடைய குடும்பப் பெயர் நஹசபீமபெட்டிலன். அப்படியொரு பெயர் இந்தியாவில் எவருக்குமில்லை. கேட்டவுடன் சிரிப்பு வரவேண்டும் என்பதற்காகவே கோத்த ஒலிகள் அவை. அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையர்.

அப்பு என்பது நம் நாட்டில் யாழ்ப்பாணத்தார் மூத்தோரை அன்போடு அழைக்கும் சொல். மலையகத்திலோ துரை பங்களாவின் சமையற்காரருக்கும் அதுதான் பெயர். என் பாட்டனார் அத்தகைய ஓர் அப்பு. விடுதியில் ஒருவன் என் தோட்டத்துப் பேச்சைப் பழித்து, அந்தக் கடைக்காரனின் குரலில் "அப்பு" என்று என்னை அழைத்தான். அன்று முதல் அங்கு என் பெயர் அதுவாயிற்று. நான் சிரித்துக்கொண்டேன். ஆனால் என் வாய்மொழியை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டேன்.

அமெரிக்காவில் வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகளுக்கும் இதுவே நேர்ந்தது. தெலுங்குப் பெற்றோருக்குப் பிறந்த நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு, 2017இல் வெளியிட்ட ஆவணப் படத்தில் இதனை வெளிப்படையாகப் பேசினார். மறு ஆண்டு தொடர் அதனை அலட்சியமாகத் தட்டிக்கழித்தது. எனினும் 2020இல் அசாரியா அக்குரலைக் கைவிட்டார். அடுத்த ஆண்டு மன்னிப்பும் கேட்டார். அதன்பின் அப்பு, கூட்டத்தில் ஊமையாகத் தோன்றி மறையும் உருவமானான். இரவற் குரல் போயிற்று. சொந்தக் குரல் வரவில்லை.

ஆயினும் அத்தொடரை முற்றாகத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. 1996இல் வந்த ஒரு கதையில், குடியேறியோரை வெளியேற்றும் பிரேரணையொன்று ஊரில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அப்பு கள்ளப் பத்திரம் வாங்கி அமெரிக்கனாக வேடமிடுகிறான். தன் பிறப்பை மறுத்த வெட்கம் தாளாமல் வேடத்தைக் களைகிறான். பின் படித்துப் பரீட்சைக்குத் தோற்றிக் குடியுரிமை பெறுகிறான். 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றவராகி, 1964இல் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று இரு அரசுகளாற் பங்கிடப்பட்ட மக்களின் பேரன் நான். அக்கதையைப் பார்த்து எப்படிச் சிரிப்பேன்? எப்படிச் சிரியாதிருப்பேன்?

அந்த அம்மாயியும் 2003ஆம் ஆண்டின் சட்டம் வந்த பின்பே பிரஜையானவர். அடுத்த ஞாயிறன்று, நடித்த மாணவரை அழைத்துக்கொண்டு அவருடைய லயத்துக்குச் சென்றேன். வங்கிக்குப் போன கதையை நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன்.

சொன்னார். சேமலாப நிதிப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பெயர். அடையாள அட்டையில் வேறொரு பெயர். பெற்றோர் இட்டது மூன்றாவது. எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். "மூணு பேருல எது நீ என்று கேட்டான் அந்தப் பையன். மூணு பேரும் வரிசையிலதான் நிக்கிறோம், முதல்ல யாரைக் கவனிக்கப் போற என்று கேட்டேன்!" மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தனர். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எவரும் சிறுமைப்படவில்லை. அவருடைய உழைப்பூதியத்தை முடக்கிவைத்த அலட்சியம் ஒன்றே சிறுமைப்பட்டது.

மூன்று பெயர் உடையவரை நாங்கள் பெயரற்றவராக மேடையேற்றியிருந்தோம்!

நகைச்சுவை வேண்டாமென்று நான் கூறவில்லை. உழைப்பவன் வாழ்வில் அதைவிட மலிவான மருந்து வேறில்லை. ஆனால் யாருடைய குரலில், யாரை நோக்கி அச்சிரிப்பு எழுகிறது என்பதை ஆசிரியராகிய நாம் கேட்டாக வேண்டும். இத்தவணை அந்நாடகத்தை மீண்டும் எழுதுகிறோம். இம்முறை வசனத்தைத் திருத்துபவர் அந்த அம்மாயி.