பெட்டிக்குள் இல்லாத வசதி

கேமராவுக்கு மாதச் சந்தா யாரும் கேட்பதில்லை. லென்ஸ் போனிலேயே இருக்கிறது; வாங்கிய அன்றே கணக்கு தீர்ந்தது. 2024-ல் வந்த பிக்சல் 9 ப்ரோவின் கதை வேறு. இந்தியாவில் ரூ. 1,09,999 கொடுத்து அதை வாங்கியவர்களுக்கு, மாதம் ரூ. 1,950 விலையுள்ள ஜெமினி அட்வான்ஸ்ட் என்ற ஏஐ சேவையும் 2 டெராபைட் சேமிப்பிடமும் ஓராண்டு இலவசம் என்றது கூகுள். விளம்பரத்தைப் பார்த்தால் அதுவும் போனின் வசதிதான். ஆனால் நம் கேள்விக்கான பதில் எங்கோ இருக்கும் சர்வரில் தயாராகிறது. ஒவ்வொரு பதிலுக்கும் மின்சாரம் செலவாகிறது. போனை ஒருமுறைதான் விற்க முடியும், செலவோ மாதாமாதம் ஓடும். அதை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சை ஓராண்டு தள்ளிப்போடுகிறார்கள்.

தள்ளிப்போடுவதில் லாபமும் உண்டு. புதுப் போன் வாங்கிய குஷியில் கார்டு எண்ணைக் கேட்டால் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவோம். 'இன்று ரூ. 0' என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். தானாகப் புதுப்பிக்கப்படும் என்பது பொடி எழுத்தில். நல்லவேளை, பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் சொல்லியாக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த எஸ்எம்எஸ்ஸைப் பார்த்ததும் ரத்து செய்துவிடலாம்தான். ஜெமினியை விடுவது சுலபம். ஆனால் ஓராண்டில் கல்யாண வீடியோ, கைக்குழந்தையின் படங்கள், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அந்த 2 டெராபைட்டில் ஏறியிருக்குமே! வழக்கமான 15 ஜிபிக்குள் அது அடங்காது. அடங்காவிட்டால் ஜிமெயிலுக்குப் புது மின்னஞ்சல்கூட வராமல் நின்றுபோகும். தூண்டில் முள் ஏஐ அல்ல, சேமிப்பிடம்தான் என்று எனக்குப் படுகிறது.

எல்லா இடத்திலும் இது பலிப்பதில்லை. 2022-ல் ஐபோன் 14 வந்தபோது, சிக்னலே இல்லாத இடத்திலிருந்தும் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதியை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆப்பிள் தொடங்கியது. செயற்கைக்கோள்கள் குளோபல்ஸ்டாருடையவை, பயன்படுத்துவோருக்கு இரண்டாண்டு இலவசம். ஆனால் பழக்கமாகிவிடும் அளவுக்கு யார் மலையில் வழி தவறுகிறார்கள்? சந்தா முடிந்த மறுநாளே ஒருவர் பனியில் சிக்கிக்கொண்டால், முதலில் பணம் கட்டுங்கள் என்று திரையில் காட்ட எந்த நிறுவனத்துக்குத் துணிச்சல் வரும்? கெடு முடிய ஓராண்டு இருக்கும்போதே, 2023-ல், இலவசத்தை நீட்டித்தார்கள். 2025-ல் மறுபடியும் நீட்டித்தார்கள். சந்தா எவ்வளவு என்பதை அப்போதும் சொல்லவில்லை.