அரிக்கமேட்டில் ஒரு குட்டி கிரேக்கக் கடவுள்!

"சித்தி, கிரேக்கக் கடவுள் சிலையைப் பார்க்கணும்னா ஏதென்ஸுக்குத்தான் போகணுமா?"

தட்டாஞ்சாவடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மொபைலைத் தள்ளிக்கொண்டிருந்த அக்கா மகள் கேட்டாள். ஆறாம் வகுப்பு. கிரேக்கக் கடவுள் கதைகள் என்றால் சாப்பாடுகூட வேண்டாம் அவளுக்கு.

திரையில் ஒரு வெண்கலச் சிலை. தாடிக்காரர், ஒரு கையை நீட்டி, மறு கையால் எதையோ எறியப்போகிற மாதிரி நிற்கிறார். உயரம் 2.09 மீட்டர். கி.மு. 460 வாக்கில் வார்த்தது. கிரீஸின் ஆர்ட்டெமிசியான் முனை அருகே கடலுக்கடியிலிருந்து 1926, 1928 ஆண்டுகளில் மீட்கப்பட்டு, இப்போது ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

"இவர் பேரு என்ன?" என்றேன்.

"ஜீயஸ்னும் போட்டிருக்கு, பொசைடன்னும் போட்டிருக்கு. எது சரி?"

அதுதான் வேடிக்கை. கையில் இருந்த ஆயுதம் கிடைக்கவில்லை. இடி என்றால் வானத்தின் அரசன் ஜீயஸ். நம்ம இந்திரனின் வஜ்ராயுதம் மாதிரி. திரிசூலம் என்றால் கடலை ஆளும் பொசைடன். ஆயுதம் தொலைந்ததால், இவ்வளவு பெரிய சிலைக்குப் பெயர் வைப்பதிலேயே இன்றும் வாதம் நடக்கிறது.

"ஏதென்ஸ் வேண்டாம், வண்டியில ஏறு" என்றேன்.

ராஜீவ் காந்தி சதுக்கம், இந்திரா காந்தி சதுக்கம், மரப்பாலம், முருங்கப்பாக்கம் தாண்டி, அரியாங்குப்பம் பாலத்தைக் கடந்து காக்காயந்தோப்பு. அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் பேரரசோடு வியாபாரம் செய்த துறைமுகம். கிரேக்க மாலுமியின் குறிப்பேடான 'பெரிப்ளஸ்' சொல்லும் 'பொதுகே' இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து.

இப்போது போனால் மாமரம், தென்னை, காற்று. கண்ணில் படும் பாழடைந்த செங்கல் கட்டடமும் ரோமானியர்களுடையது இல்லை. 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரிமார்களுடையது. "சிலை எங்கே?" என்று முகத்தைச் சுளித்தாள்.

இங்கே கிடைத்த கிரேக்கக் கடவுள் ஆள் உயரம் இல்லை. மோதிரத்தில் பதிக்கிற அளவு படிகக் கல்லில் செதுக்கிய குட்டி உருவம்: ஈராஸ், கூடவே ஒரு பறவை. ரோமானியர்கள் இவரைத்தான் க்யூபிட் என்றார்கள். கல்லின் ஓரம் சீவி முடிக்கப்படவில்லை. அதனால் கப்பலில் வந்த பொருளாக இல்லாமல், இங்கேயே உட்கார்ந்து யாரோ செதுக்கியதாக இருக்கலாம். மேலைநாட்டுக் கைவினைஞரோ, அவரிடம் கற்ற உள்ளூர்க்காரரோ!

ஈராஸ், காதல் தேவதை அஃப்ரடைட்டியின் மகன். சைக்கி என்ற பெண்ணை மணந்து, இருட்டில் மட்டுமே வருவார். "என் முகத்தைப் பார்க்காதே" என்பது நிபந்தனை. அக்காமார் தூண்டிவிட, ஒருநாள் விளக்கோடு எட்டிப் பார்த்தாள். சூடான எண்ணெய் ஒரு சொட்டு அவர் தோளில் விழுந்தது. பறந்துபோய்விட்டார். மாமியார் வைத்த சோதனைகளை எல்லாம் தாண்டித்தான் கணவனை மீட்டாள் சைக்கி.

"இது நம்ம மன்மதன் கதை மாதிரி இருக்கே!" என்றாள். ஆமாம். அவருக்கும் வில், அம்பு. வாகனம் கிளி. மயிலாடுதுறை பக்கம் திருக்குறுக்கையில்தான் சிவன் அவரை எரித்தார் என்பது தலபுராணம். சைக்கி போலவே ரதியும் போராடித்தான் கணவனைத் திரும்பப் பெற்றாள்.

அரிக்கமேட்டை உலகத்துக்குச் சொன்னதில் குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. 1937 வாக்கில் பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ராய், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய கற்களை விலைக்கு வாங்கினார். அவருக்குக் கிடைத்தவற்றில் ஒரு கல்லில் இருந்த முகத்தை ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் என்றார். ஆனால், அந்த ஊரின் வயதைச் சொல்ல அழகான கற்கள் போதவில்லை. 1945-ல் மார்டிமர் வீலர் அடுக்கடுக்காகத் தோண்டியபோது, இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்புப் பானையின் ஓடுகள் கிடைத்தன. எந்த அடுக்கில் எந்த ஓடு என்று பார்த்துத்தான் காலத்தைக் கணித்தார். பிறகு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழு தோண்டியபோது, ஊர் அதற்கும் முந்தையது என்று தெரிந்தது.

சொல்லிக்கொண்டே திரும்பினால், அவள் கையில் ஒரு ஓட்டுத்துண்டு. மழையில் மண் கரைந்து மேலே வந்திருக்கும். "சித்தி, இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மேசையில் வைத்தால் எவ்வளவு பெருமை! இது பாதுகாக்கப்பட்ட இடம், எடுக்கக் கூடாது என்று அதட்டியிருக்கலாம். ஆனால் அவளே யோசிக்கட்டும் என்று கேட்டேன்: "தட்டாஞ்சாவடி அலமாரியில இருந்தா இது என்ன?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "வெறும் ஓடு" என்றாள். எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

திரும்பும் வழியில் பாரதி பூங்கா அருகே இருக்கும் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அரிக்கமேட்டு மணிகளும் மது ஜாடித் துண்டுகளும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. நீங்கள் போனால் முதலில் இங்கே பார்த்துவிட்டு, பிறகு மேட்டுக்குப் போங்கள். வெறும் தோப்பு என்று தோன்றாது.

வண்டியில் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டாள்: "ஏதென்ஸ் சிலையோட ஆயுதம் இன்னும் அந்தக் கடல்லயே கிடக்குமா சித்தி?"

"கிடக்கலாம்."

"யாரும் எடுத்துட்டுப் போயிருக்கக் கூடாது" என்றாள்.