விரல் மரத்தால் வாய் திறக்க வேண்டும்

வெள்ளிக்கிழமைதோறும் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு என் மனைவி கட்டிய சரம் போகும். ஆறு வருடங்களுக்கு முன் நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்து கீமோ தொடங்கிய பிறகும் அவள் அதை விடவில்லை. மூன்றாவது தவணை முடிந்த வாரம், மல்லிகை மடியில் கிடக்க, தன் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாரைப் பிடிச்சிருக்கேனா இல்லையான்னே தெரியலைங்க" என்றாள்.

ஒரு மாதமாகவே மரமரப்பு இருந்திருக்கிறது. மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் மறைத்திருக்கிறாள். மறுநாள் டாக்டர் அவளைப் பொத்தான் போட்டுக் காட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு வின்கிறிஸ்டின் என்ற ஒரு மருந்தின் அளவை மட்டும் குறைத்தார். சிகிச்சை நிற்கவில்லை.

அந்த மருந்தின் தாய்ச்செடி எங்கள் வாசல் தொட்டியில் பூக்கும் நித்தியகல்யாணி. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் அதன் இலை சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று ஆராய்ந்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. அங்கிருந்து வின்பிளாஸ்டின் கிடைத்தது. அதே செடியின் வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

செல் இரண்டாகப் பிரியும்போது, உள்ளே நுண்குழல்கள் நூல்போல் உருவாகிக் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும். வின்கிறிஸ்டின் அந்த நூலைச் சேரவிடாது. நாரில்லாமல் சரமேது? பிரிய முடியாத செல் மடிகிறது. ஆனால் நரம்புகளுக்குள் சத்து போய்வரும் பாதையும் அதே நுண்குழல்தான். அதனால்தான் விரல் மரக்கிறது, குடலும் மந்தமாகிறது.

"இந்தப் பூதானே மருந்து, கஷாயம் வச்சுக் குடுங்கண்ணே" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி அன்போடு சொன்னாள். டன் கணக்கான இலையிலிருந்து சில கிராம் பிரித்தெடுத்து, ஒரு தவணைக்குப் பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாமல் ஏற்றும் மருந்து அது. அளவு தெரியாத கஷாயம் நஞ்சு. அந்தப் பானையை நான் அடுப்பில் ஏற்றவில்லை.

சிகிச்சையில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. ஊசி ஏறும்போது கை எரிந்தால் அந்த நொடியே தாதியிடம் சொல்லுங்கள். பாதம் தடுக்கினாலும், தாடை வலித்தாலும், மலச்சிக்கல் வந்தாலும் சொல்லுங்கள். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். வெள்ளணு குறைந்த உடம்பில் கிருமி வேகமாகப் பரவும். ஜாமு, சீன மருந்து, நாட்டு மருந்து எதைச் சாப்பிட்டாலும் டாக்டருக்குத் தெரியவேண்டும்.

வலியை விழுங்குவதைப் பெருமையாகக் கற்றுக்கொடுத்து வளர்க்கப்பட்ட தலைமுறை நாங்கள். அது பல துயரங்களில் எங்களைத் தாங்கியது உண்மைதான். மருந்து விஷயத்தில் அது உதவாது. டாக்டர் கணக்கிடும் அளவில் பாதி ரத்தப் பரிசோதனையிலிருந்து வருகிறது, மீதி நம் வாயிலிருந்து வரவேண்டும்.

அவள் விரல்களில் உணர்ச்சி திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. முடிச்சுகள் முன்போல் இறுகுவதில்லை. "இன்னைக்கு விரல் எப்படி?" என்று காலையில் கேட்பேன். "நுனி மட்டும் கொஞ்சம் மரப்பு" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, நாரை எடுப்பாள்.