வராத அலெர்ட்

ஒரு கண் மருத்துவமனைக்கான அப்பாயின்ட்மென்ட் தளம். 'ரத்து செய்' என்ற பட்டனை அழுத்தினால் பிரவுசர் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி "நிச்சயமாகவா?" என்று கேட்கும். அந்தக் கேள்வி வருகிறதா என்று ராத்திரிதோறும் பார்ப்பது நான் எழுதிய செலினியம் ஸ்கிரிப்ட்டின் வேலை. (மெர்க்குரி என்ற போட்டிக் கம்பெனியைக் கிண்டலடித்து வைத்த பேர் செலினியம். பாதரச விஷத்துக்கு அதுதான் மருந்தாம்.)

பத்து ராத்திரிக்கு ஒரு தடவை டெஸ்ட் விழும். காரணம் ஒரே வரி: 'நோ அலெர்ட் பிரசன்ட்'. நானும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், ஐந்து செகண்ட் ஸ்லீப் போட்டேன். நாற்பது இடத்தில் போட்டால் இருநூறு செகண்ட் சும்மா போகிறது. அசிங்கமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு வெப்டிரைவர்வெயிட் வைத்தேன். அது அரை செகண்டுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். அலெர்ட் வந்த உடனே கிளம்பிவிடும், வராவிட்டால் நான் சொன்ன பத்து செகண்ட் வரை நிற்கும். பஸ் ஸ்டாப்பில் நிற்பதற்கும் பஸ் வரும் நேரம் தெரியாமல் தூங்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆனாலும் விழுந்தது. பத்து செகண்ட் நின்றும் அலெர்ட் வரவில்லை.

அன்றைக்கு ரிலீஸ். நான் ஒரு டிரை-கேட்ச் போட்டேன்: அலெர்ட் வந்தால் ஓகே சொல், வராவிட்டால் பரவாயில்லை, மேலே போ. டெஸ்ட் பச்சை. பக்கத்து சீட் தம்பி கேட்டான், "அண்ணா, அலெர்ட் வரலன்னா எப்டிண்ணா பாஸ் ஆச்சு?" "ஃப்ளேக்கிடா, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லிட்டு டீக்குப் போயிட்டேன்.

மூன்று மாதம் கழித்து சப்போர்ட்டிலிருந்து ஒரு டிக்கெட் வந்தது. ஒரு பெரியவர் விடியற்காலையில் பஸ் ஏறி வந்திருக்கிறார், பட்டியலில் பேர் இல்லை. பேரன்தான் போனில் பார்த்திருக்கிறான். தேதியைத் தேடும்போது விரல் எங்கோ பட்டிருக்கிறது. "எதுவுமே கேக்கலீங்க" என்றானாம்.

கேட்கவில்லைதான். பட்டன் பக்கத்தோடு முதலிலேயே வந்துவிடும். "நிச்சயமாகவா" என்று கேட்கிற ஜாவாஸ்கிரிப்ட் பின்னால் மெதுவாக வரும். நெட் மந்தமான இடத்தில் இரண்டுக்கும் நடுவே சில செகண்ட் இடைவெளி. அதற்குள் அழுத்தினால் ஃபார்ம் நேராக சர்வருக்குப் போய்விடும், கேள்வியே கிடையாது. செலினியத்தின் கை வேகமான கை; அது அந்த இடைவெளிக்குள் எப்போதாவது விழுந்துகொண்டிருந்தது. விழுந்த ஒவ்வொரு முறையும் என்னிடம் வந்து சொன்னது. நான் அதன் வாயை அடைத்தேன்.

சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஸ்கிரிப்ட் வந்து சேரும்வரை பட்டன் மங்கலாகவே இருக்கும், அவ்வளவுதான். டெஸ்ட் இப்போது முதலில் பட்டனுக்குக் காத்திருக்கிறது, அப்புறம் அலெர்ட்டுக்கு. டிரை-கேட்ச்சை எடுத்துவிட்டேன். பெரியவருக்கு அடுத்த வாரம் வேறு தேதி கொடுத்தார்களாம். வந்தாரா என்று டிக்கெட்டில் யாரும் எழுதவில்லை.

கிட் ஹிஸ்டரியில் அந்த வரி இன்னும் இருக்கிறது. தம்பி அதைப் பார்த்திருப்பான். ஒன்றும் கேட்கவில்லை.